ஒரு வாசகிக்காக வாங்கிய வோட்டுகள்

செம்பூர்
17 அக்டோபர் 2024

லிசா,

இதை நாம் இரண்டு பேரும் பதிவு போடுகிற இணையத் தளத்தில் எழுதாமல் தாளில் எழுதக் காரணம் இருக்கிறது. அங்கே எழுதிய எதையும் யாராலும் அழிக்க முடியாது. நீயும் நானும் செத்த பிறகும் நம் சண்டை அங்கே உட்கார்ந்திருக்கும். தாள் என்றால் வாசித்துவிட்டுக் கிழித்துப் போடலாம். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஏஞ்சலோவின் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். செல்போன் ரிப்பேர் செய்கிற உன் வீட்டுக்காரர் உறையில் வைத்த கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை நீ போட்ட பதிவு நேற்றுக் காலை டிரெண்டிங் பக்கத்தில் முதலாவதாக நின்றது. முந்நூற்றுச் சொச்சம் வோட்டு. தமிழில் எழுதிய எதுவும் அந்தப் பக்கத்தில் அவ்வளவு உயரம் போய் நான் பார்த்ததில்லை. முதலில் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். படவில்லை. யார் யார் வோட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். பாதிக்கு மேல் "ராக்கெட்" என்கிற தானியங்கிக் கணக்கும் அதன் பின்னால் வால்களாக ஓடுகிற எந்திரக் கணக்குகளும். தளத்தின் காசான டோக்கனை அந்தக் கணக்குக்கு அனுப்பினால் அது வோட்டுப் போடும். நீ அனுப்பியிருக்கிறாய். எல்லார் வாலட்டும் டோக்கன் வரவு செலவோடு திறந்துதானே கிடக்கிறது, உன்னுடையதையும் பார்த்தேன்.

அந்தத் தளத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். அங்கே வோட்டு என்பது சும்மா கை தட்டுவது அல்ல, பணம் என்று உனக்குச் சொன்னவளும் நான்தான். ஒவ்வொரு நாளும் ஒரு பொதுத் தொகை இருக்கிறது. வோட்டுக்கு ஏற்ப அது எழுதினவர்களுக்குப் பிரிகிறது. நீ வாங்கின வோட்டால் உன் பங்கு கூடினால், எங்கோ உட்கார்ந்து எழுதுகிற யாரோ ஒருத்திக்கு அது குறைகிறது. அவள் யார் என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் அது சுலபமாக இருக்கிறது.

ஆகஸ்டிலிருந்து நான் தமிழ்க் குழுவின் தேர்வாளர். நல்ல பதிவுக்குப் பெரிய வோட்டுப் போடவும், தப்பான வழியில் ஏறின பதிவுக்கு எதிர்வோட்டுப் போடவும் குழு என்னை நம்பி அதிகாரம் கொடுத்திருக்கிறது. போன வருஷம் நான் எழுதிய "மாட்டுங்கா மார்க்கெட்டில் மழை" ஒரு காசு செலவில்லாமல் இருநூறு வோட்டு வாங்கியது. அதைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நாத்தனார் என்பதற்காக உன்னை விட்டுவிட்டால் எனக்கு அந்த நாற்காலி எதற்கு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் உன் அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "லிசா எழுதிருக்கா, கேளு" என்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதினதில் ஒரு வரியைக்கூட அவர் சத்தமாக வாசித்தது கிடையாது. பேப்பரை மடிக்காமலே "நல்லாருக்கு" என்பார், அவ்வளவுதான். நான் மிக்ஸியைப் போட்டேன். அவர் இன்னும் சத்தமாக வாசித்தார். தேங்காய் வெண்ணெயாகும் வரைக்கும் நான் மிக்ஸியை நிறுத்தவில்லை. பிறகு அவர் போய்விட்டார்.

அடுத்த செவ்வாயோடு உன் பதிவுக்குப் பணம் கணக்காகிவிடும். அதற்குள் பதிவின் கீழே "இந்த வோட்டுகள் வாங்கியவை" என்று நீயே எழுதிவிடு. எழுதாவிட்டால் எதிர்வோட்டுப் போடுவேன். பதிவு மங்கி, தானாக மூடிக்கொள்ளும்.

ஜெஸி


தாராவி
18 அக்டோபர்

அன்புள்ள மைனி,

ஏஞ்சலோ சிரிக்கவில்லை. உறையைத் தூக்கிப் பார்த்து, "கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். வாசித்த பிறகு எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வாங்கினேன். கிளினிக்கில் டோக்கன் எழுதிச் சம்பாதித்த பணத்தில் இந்த டோக்கனை வாங்கி ராக்கெட்டுக்கு அனுப்பினேன். ஒளிக்கவில்லை. ஒளிக்க முடியாத இடம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

உங்கள் அளவுக்கு எனக்குத் தமிழ் எழுத வராது. ஸ்கூலில் இந்தியும் இங்கிலீஷும்தான். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு மூன்று கேள்வி கேட்கத் தெரியும்.

உங்கள் தமிழ்க் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். நெருளில் இருக்கிற நகுல் சார், சான்பாடா சாருலதா டீச்சர், நீங்கள், இன்னும் ஐந்தாறு பேர். டீச்சர் பதிவு போட்டதும் உங்கள் வோட்டு போய்விடுகிறது. நீங்கள் போட்டதும் டீச்சர் வோட்டு வந்துவிடுகிறது. பல் தேய்க்கும் முன்னே வோட்டு தானாகப் போகிற மாதிரி எல்லாரும் செட் பண்ணி வைத்திருக்கிறீர்கள். காசு கைமாறவில்லை, சரி. வோட்டு கைமாறுகிறதே, அதற்கு என்ன பெயர் மைனி? நான் ராக்கெட்டுக்குக் காசு கொடுத்தேன். உங்கள் கூட்டத்தில் சேர எனக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. நீங்களும்தான்.

அடுத்தது நம் கோவிலில், சர்ச்சில், நடக்கிற அறுப்பின் பண்டிகை. தாராவியில் நாம் எதை அறுத்தோம்? வாஷி மார்க்கெட்டில் வாங்கின பூசணிக்காயைக் கொண்டுபோய்க் காணிக்கை என்று வைக்கிறோம். ஆராதனை முடிந்து அதை ஏலம் விடும்போது அவரவர் காணிக்கையை அவரவர் வீட்டு ஆட்கள்தானே முதலில் கை தூக்கி ஏற்றிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு அவமானம். ஐம்பது ரூபாய் பூசணி ஆயிரத்துக்குப் போகும். அதை யாரும் திருட்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை. நீங்களும் கைதட்டியிருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வோட்டு எத்தனை, யார் போட்டது, எப்போது பணம், எல்லாம் இருக்கிறது. நான் எதைப் பற்றி எழுதினேன் என்று ஒரு வார்த்தை இல்லை. தலைப்புகூட இல்லை.

வாசித்தீர்களா மைனி?

லிசா


செம்பூர்
19 அக்டோபர்

லிசா,

நேற்று ராத்திரி எதிர்வோட்டுப் போட்டுவிட்டேன். உன் கடிதம் அதற்கு முன்பே என் கைக்கு வந்துவிட்டது. வாசித்த பிறகுதான் போட்டேன். கோபத்தில் போட்டதாக நீ நினைக்கலாம். நானும் அதைத்தான் இன்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாருலதா டீச்சர் விஷயம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. போய்ப் பார்த்தேன். போன வாரம் அவர் போட்டது வெறும் பூஜை வாழ்த்துப் படம், கீழே ஒரு விளக்கு. அதற்கு என்னுடைய முழு வோட்டும் போயிருக்கிறது. இதில் நீ சொல்வது சரி. இனி தானாகப் போகாது.

ஆனால் ஏலத்தைக் கொண்டுவந்து இதோடு சேர்க்காதே. அங்கே யார் கை தூக்குகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிகிறது. பணம் கோவிலுக்குப் போகிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுத்தவர், பம்பாயிலேயே உயர்ந்த பூசணி என்று நம்பி வீட்டுக்குத் தூக்கிப் போவதில்லை. தளத்தில் கை தெரியவில்லை லிசா. முந்நூறு பேர் வாசித்து ரசித்த மாதிரி தெரிகிறது. அப்படி நம்பித்தான் உன் அண்ணன் வாசலில் நின்று வாசித்தார்.

இன்று காலை என்னிடம் கேட்டார்.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

"படிச்சியா?"

"படிக்க என்ன இருக்கு? வோட்டுப் போட்டவங்களப் பாத்தேன். அது போதும்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அங்கே உட்கார இடம் கிடையாது. துணி காயும் கம்பிக்கு அடியில் நின்றுகொண்டே சாப்பிட்டார். அதற்குப் பிறகு கேஸ் சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை, சொசைட்டித் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உனக்காக என்னோடு பேசாமல் இருக்கிறார். எனக்காக எப்போதாவது உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறாரா? நீ கேட்டுச் சொல்.

உன் கேள்விக்குப் பதில்: வாசிக்கவில்லை. வாசித்தால் என் தீர்ப்பு கலங்கும் என்று நினைத்தேன். இது சொல்ல நன்றாக இருக்கிற காரணம். வேறு காரணமும் இருக்கலாம்.

நாளைக்குக் காலை முதல் ஆராதனைக்கே போய்விடுகிறேன். நீ இரண்டாவதுக்கு வருவாய், பார்த்துக்கொள்ள வேண்டியிருக்காது.

ஜெஸி


தாராவி
21 அக்டோபர்

மைனி,

இரண்டாவது ஆராதனையில் அண்ணன் மட்டும் வந்து ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "மைனி?" என்று கேட்டேன். "காலையிலயே வந்துட்டுப் போயிட்டா" என்றார். சொல்லாதே என்று அவர் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்ட விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைக்குச் சொல்கிறேன். அவர் என்னைத் திட்டட்டும்.

பதிவு மூடிக் கிடப்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அதன் தலைப்பு "பத்து ரூபாய்க் கேக்". நீங்கள் கல்யாணமாகித் தாராவி வீட்டுக்கு வந்த வருஷம். அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் வாழைத்தாரும் பூசணியும் வைத்தார்கள். நீங்கள் பிரஷர் குக்கரில் மணல் போட்டுக் கேக் சுட்டு, மேலே முந்திரியை நட்சத்திரம் மாதிரி அடுக்கிக் கொண்டுவந்தீர்கள். ஏலம் விட்டது செல்லத்துரை மாமா. "புதுப்பொண்ணு கேக்கு, யாருவே ஆரம்பிக்கிய?" என்று கத்தினார். உங்கள் வீட்டு ஆள் யாரும் பம்பாயில் கிடையாது. அண்ணன்தான் கை தூக்க வேண்டும். அவரோடு சுற்றுகிற சேக்காளிமார் பக்கத்தில் நின்று, "தூக்குல, பொண்டாட்டிதாசா" என்று கிள்ளிச் சிரித்தார்கள். அவர் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். மாமா மூன்று தடவை கூவினார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவரே "கோயில் கணக்குல பத்து ரூவா" என்று சொல்லி ஒதுக்கி வைத்தார். நீங்கள் பெண்கள் பக்கம் நின்று சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். எனக்குப் பதினாறு வயது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதைத்தான் எழுதினேன். போடுவதற்கு முன்னால் அண்ணனிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். பிறகு, "போடு. ஆனா அவ எங்க படிக்கப்போறா" என்றார்.

அவர் உங்களிடம் வாசித்தது என் எழுத்தை இல்லை மைனி, அன்றைக்குத் தூக்காமல் விட்ட தன் கையை. மிக்ஸிச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை.

இனி அடுத்தது. உங்கள் மாட்டுங்கா மழை. போன வருஷம் அதைப் போட்ட மறுநாள் அண்ணன் இங்கே வந்தார். டீ கூடக் குடிக்கவில்லை.

"ஏட்டி, ஒம் மைனி எழுதினத ஒருத்தனும் பாக்கலயாம். நேத்துலேருந்து போனையே பாத்துட்டு இருக்கா, சரியாச் சாப்பிடல. நீயும் அதுலதான இருக்க, இதுக்கு என்ன செய்யணும்?"

"யாராச்சும் ஏத்தி விடணும் அண்ணே. ஏலம் மாதிரிதான்."

"அப்போ நான் ஏத்துதேன்" என்றார்.

ஏஞ்சலோ அவருக்கு வேறு பெயரில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். ராக்கெட்டுக்கு அனுப்ப அன்றைக்குத்தான் நானும் கற்றுக்கொண்டேன். நீங்கள் மறுநாள் போன் பண்ணி, "இருநூறு லிசா, ஒரு காசு செலவில்லாம" என்றீர்கள். நான் "சூப்பர் மைனி" என்றேன்.

நான் எதற்கு வாங்கினேன் என்று இப்போது சொல்கிறேன். இதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பதிவு போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட நீங்கள் திறந்ததில்லை. நீங்கள் தினமும் தவறாமல் பார்ப்பது டிரெண்டிங் பக்கம் ஒன்றைத்தான், தேர்வாளர் இல்லையா. அதனால் அங்கே கொண்டுபோய் வைத்தேன். எனக்கு முந்நூறு பேர் வேண்டாம். ஒரே ஒரு வாசகி வேண்டியிருந்தது. அவர் வந்தார். வோட்டை எண்ணிவிட்டுப் போய்விட்டார்.

நாளைக்குக் கடைசி நாள். எடுக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

லிசா


செம்பூர்
22 அக்டோபர்

லிசா,

உன் கடிதத்தை ரயிலில் வாசித்தேன். ஆபீஸ் இருக்கிற மாட்டுங்காவில் இறங்காமல் தாதர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

மத்தியானம் ஆபீஸ் மாடியில் உட்கார்ந்து பதிவைத் திறந்தேன். நான் மூடி வைத்ததை நானே தட்டித் திறக்க வேண்டியிருந்தது. "குழு இதை மறைத்துள்ளது, இருந்தாலும் காட்டவா?" என்று கேட்டது. ஆம் என்றேன்.

நன்றாக இருக்கிறது. இந்த வார்த்தையை எழுதுவதற்குள் பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன். "மேலே இருந்த முந்திரியைக்கூட எந்தப் பிள்ளையும் திருடவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. மாட்டுங்கா மழையில் நான் எத்தனை உவமை போட்டேன். அந்த முந்திரிக்கு முன்னால் எல்லாம் ஈரத் துணி மாதிரி தொங்குகிறது. நான் வாசிக்காமல் இருந்ததற்கு வேறு காரணம் என்று எழுதினேனே, அது இதுதான். மோசமாக இருந்தால் வாங்கின வோட்டை மன்னித்திருப்பேன். நன்றாக இருந்துவிடுமோ என்றுதான் திறக்கவில்லை.

அந்தக் கேக் எனக்கு ஞாபகம் இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நான் ஏன் எந்த வருஷமும் கையால் செய்த ஒன்றைக் காணிக்கை வைக்கவில்லை? ரூபாய் நோட்டை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

செய்ததைச் சொல்கிறேன். எதிர்வோட்டை எடுக்கவில்லை, குறைத்தேன். ராக்கெட் ஏற்றின அளவு மட்டும் கழிகிற மாதிரி வைத்திருக்கிறேன். மற்றது உன்னுடையது. பதிவு திறந்துவிட்டது. வாங்கின வோட்டு வாங்கின வோட்டுதான், என்னைப் பற்றி எழுதினதால் அது மாறாது.

பிறகு என் மழைப் பதிவைத் திறந்து, அன்று எண்ணிக்கையோடு விட்டுவிட்ட நான், போட்டவர்களின் பெயரையும் பார்த்தேன். அதன் கீழே எழுதினேன்: "இதற்கு வோட்டு வாங்கப்பட்டிருக்கிறது. அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்." அந்தப் பணம் எனக்கு எப்போதோ வந்துவிட்டது, திருப்ப வழியில்லை. எழுதினதை அழிக்கவும் வழியில்லை. தேர்வாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். நகுல் சார் போன் பண்ணி, "இதப் போயி பப்ளிக்ல எழுதணுமாம்மா, யாரு பாக்கப்போறாங்க" என்றார்.

சாயங்காலம் உன் அண்ணனிடம் கேட்டேன்.

"மழைக்கு வந்த எரநூறுல மனுஷ வோட்டு எது?"

டிவியை நிறுத்தினார். "லிசா போட்டது ஒண்ணு."

"வேற?"

"எனக்குப் போடத் தெரியல. தெரிஞ்சிருந்தா ரெண்டு."

எனக்கு அவர் மேல் கோபம். ஒரு வருஷம் என்னைத் தலை நிமிர்ந்து நடக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். உன் மேலும் கோபம். அவருடைய ரகசியம் என்னிடம் இல்லாமல் உன்னிடம் இருந்தது.

ஜெஸி


தாராவி
4 நவம்பர்

மைனி,

பதில் எழுத இரண்டு வாரம் வேண்டியிருந்தது. குறைத்தது நியாயம்தான் என்று என் வாயால் சொல்ல வரவில்லை. ஏஞ்சலோ, "மைனி கரெக்ட்டாதான் வெட்டியிருக்காங்க, ஸ்க்ரூ ட்ரைவர் வச்ச மாதிரி" என்கிறார். அவருக்கு நான் அன்றைக்குச் சோறு போடவில்லை.

நீங்கள் என் பதிவுக்குக் கீழே ஒரு வார்த்தை எழுதியிருந்ததைப் பார்த்தேன். "வாசித்தேன்" என்று மட்டும். அது அழியாது இல்லையா? சரி.

வரும் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. நான் முறுக்கு சுடுகிறேன். நீங்கள் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்கவில்லை. எந்த ஆராதனைக்கு வருகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஏலம் இரண்டாவதுக்குப் பிறகு.

லிசா


செம்பூர்
11 நவம்பர்

லிசா,

நேற்று உன்னோடு சரியாகப் பேச முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் முடியாது. அதனால் இது.

கேக் அடி பிடித்துவிட்டது, உனக்குத் தெரியும். வீட்டில் ஓவன் இருக்கிறது, இருந்தும் பிடிவாதமாகக் குக்கரில்தான் சுட்டேன். அடியைச் சுரண்டி, முந்திரியை வைத்து மறைத்தேன். ஏலம் விட்டவர் செல்லத்துரை மாமாவின் மருமகன். அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. "அடுத்து ஒரு கேக்கு. செம்பூர் ஜெஸியக்கா. யாரு ஆரம்பிக்கியோ?" என்றார். பக்கத்தில் நின்றவளுக்குப் பின்னால் நகர்ந்தேன். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு பயமா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆண்கள் பக்கத்திலிருந்து உன் அண்ணன் கை தூக்கினார். தோளுக்கு மேலே, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. அதே பழைய சேக்காளிமார், இப்போது எல்லாருக்கும் வழுக்கை, "ஏலே, பொண்டாட்டி கேக்க புருசனே எடுக்கான்" என்று கூவினார்கள். கோவில் முற்றமே சிரித்தது. எந்தக் கை, யாருடைய கை, எதற்காகத் தூக்கினது என்று எல்லாருக்கும் தெரிந்தது. இதுதான் நான் உனக்குச் சொல்ல நினைத்துச் சரியாகச் சொல்லாமல் விட்டது. பணம் கொடுத்தது தப்பில்லை லிசா. கையை மறைத்ததுதான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். பெண்கள் பக்கத்திலிருந்து நீ அதற்கு மேல் விலை கேட்டாய். அவர் ஏற்றினார். நீ மறுபடியும் ஏற்றினாய். உனக்கு அந்தக் கருகின கேக் எதற்கு என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏலத்திலும் என்னோடு போட்டிக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது இறங்கும்போதெல்லாம் விலையைக் கூட்டி மறுபடி தூக்க வைத்தாய். எத்தனை தடவை தூக்கினார் என்று நான் எண்ணவில்லை. எண்ணுவதை நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். "கசக்கு" என்றார். இரண்டாவது துண்டும் எடுத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நான் மிக்ஸியைப் போடவில்லை. முந்திரி வரி வந்ததும் அவர் குரல் மாறியது. அங்கே எனக்கு அழுகை வந்தது. பாதி கேக்குக்கு. மீதி, அந்த வரி என்னுடையதாக இல்லாததற்கு.

இன்று காலை தளத்தைத் திறந்தேன். உன் பதிவுக்குக் கீழே புதிதாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர், தன் மனைவி சுட்ட எதையோ பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். யாருக்கும் நீ காசு கொடுக்கவில்லை, உன் வாலட்டைப் பார்த்துவிட்டேன். என் மழைக்குக் கீழே நான் எழுதின அந்த வரி மட்டும்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. உன் முறுக்கு என் கேக்கைவிட இருநூறு ரூபாய் அதிகமாகப் போனது. அதற்குக் கை தூக்கினவர்கள் யாரும் உன் வீட்டு ஆட்கள் இல்லை, கவனித்தேன்.

உன் மைனி,
ஜெஸி